திரைக்கு நீட்டிய சோற்றுத் தட்டு

இண்டர்வியூ தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இது தேறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எஸ்தர் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் எல்லாம் நான் எழுதிக்கொடுத்து அவள் மனப்பாடம் செய்த பதில்கள். லேப்டாப்பில் தெரிந்த கல்லூரிக்காரர் மரியாதையாகத் தலையாட்டினார். அப்படித் தலையாட்டுகிறவர்கள் சீட் கொடுக்க மாட்டார்கள் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

யாங்கோனில் பசுந்தாங் மார்க்கெட் பக்கத்து மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அப்ளிகேஷன் போடும் பிள்ளைகளைத் தயார்செய்வது என் வேலை. ஸ்கூலில் பாடம் எடுத்து ரிடையர் ஆனவள் என்பதால் எல்லோருக்கும் நான் சயாமா; பர்மிய மொழியில் டீச்சரம்மா என்று அர்த்தம். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்தர் இதே ஊரில் தாகேதா பகுதியில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா மேரி வீட்டிலேயே தையல் தைக்கிறவர். இங்கே எஸ்தருடைய படிப்பு பாதியில் நின்றுபோனது. விண்ணப்பித்த மற்ற கல்லூரிகள் எல்லாம் கைவிரித்துவிட்டன. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். அமெரிக்காவில் பனி கொட்டும் ஊரில், நார்வேயிலிருந்து குடியேறிய விவசாயிகள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய லுத்தரன் சபைக் கல்லூரி. தனியார் கல்லூரிதான், ஆனால் ஃபுல் ஸ்காலர்ஷிப் உண்டு. லிபரல் ஆர்ட்ஸ் என்பதால் உயிரியலோடு இசையும் படிக்கலாம். எஸ்தருக்கு இரண்டும் உயிர்.

அதனால் நான் ரொம்பவே கண்டிப்பாக இருந்தேன். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்பது என் சட்டம். மேரியம்மா டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

கரண்ட் போனது

நம் ஊர் மாலைநேரம், அவர்களுக்குக் காலை. கல்லூரிக்காரர் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். திடீரென்று கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டதால் லைன் கட் ஆகவில்லை. சுவிட்சைச் சரிபார்க்க நான் பின்னறைக்குப் போய்த் திரும்புவதற்குள் மேரியம்மா உள்ளே இருந்தார்.

"சயாமா, கோவிச்சுக்காதீங்க. காலைல இருந்து புள்ள ஒண்ணும் சாப்பிடல. இருட்டுல மயங்கி விழுந்துட்டா என்ன பண்றது?"

சொல்லிக்கொண்டே தட்டில் சோறும் பருப்பும் வைத்தாயிற்று. அப்போதுதான் திரையில் இருந்தவரைப் பார்த்தார். இந்த ஊரில் ஆனாடே என்று ஒன்று இருக்கிறது. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுத்துவிடக் கூடாது என்கிற கூச்சம். ஒரு மனுஷன் எதிரே வெறும் காபியோடு உட்கார்ந்திருக்க, மகளுக்கு மட்டும் எப்படிப் பரிமாறுவது? மேரியம்மா வலது கையில் தட்டைப் பிடித்து, இடது கையால் முழங்கையைத் தாங்கி, பெரியவர்களுக்குக் கொடுக்கிற பாவனையில் அப்படியே லேப்டாப்புக்கு நீட்டினார்.

"ஐயா, கொஞ்சம் சாப்பிடுறீங்களா?" என்று பர்மிய மொழியிலேயே கேட்டார்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். எஸ்தர் காது வரை சிவந்துபோய் அதை இங்கிலீஷில் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அம்மாவுக்கு நன்றி சொல். நீ முதலில் சாப்பிடு, நான் காத்திருக்கிறேன்" என்றார்.

எஸ்தர் கை வைக்கவில்லை. ஜெபம் பண்ணாமல் சாப்பிட்டால் அம்மா விடமாட்டார். என்னை ஒருமுறை பார்த்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு தமிழில் பாடினாள். குட்டி ஜெபம்தான். கண்ணைத் திறந்தபோது அவரும் கோப்பையைக் கீழே வைத்துத் தலை குனிந்திருந்தார்.

"இது என்ன மொழி?" என்று கேட்டார்.

"தமிழ், சார். எனக்குப் பேச வராது. பர்மீஸ்தான் பேசுவேன். ஆனா சாப்பாட்டு ஜெபத்தை வேற பாஷைல சொன்னா சாப்பிட்ட மாதிரியே இருக்காது."

இது நான் எழுதிக்கொடுத்த பதில் இல்லை. அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். தன் முன்னோர் நார்வேயிலிருந்து வந்தவர்கள் என்றும், தன்னுடைய தலைமுறைக்கு அந்த மொழி போய்விட்டது என்றும் சொன்னார். கிறிஸ்துமஸ் விருந்தில் பாடும் சாப்பாட்டு ஜெபம் மட்டும் இன்னும் நார்வே மொழியில்தானாம். "எனக்கும் அவ்வளவுதான் தெரியும்" என்றார்.

"பாடிக் காட்டுவீங்களா, சார்?"

பெரியவர்களிடம் கேள்வி கேட்பதே தப்பு என்று வளர்ந்த பெண் இப்படிக் கேட்டாள். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுத்தான் பாடினார். ஒரு வார்த்தையும் எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் முடிகிற இடம் தெரிந்து மேரியம்மா "ஆமென்" என்றார். அதற்குப் பிறகு எஸ்தர் பேசிய பேச்சில் தட்டிலிருந்த சோறு ஆறிப்போனது.

சட்டம் மாறியது

சீட் கிடைத்தது, ஸ்காலர்ஷிப்போடு. எஸ்தரும் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்குப் பிறகு நான் யாருக்கும் பதில் எழுதிக்கொடுப்பதில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள். பிள்ளை தன் வீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே திரைக்கு முன்னால் உட்கார வைப்பதுதான் நம் வேலை.

போன மாதம் வேறொரு பையனுக்கு இண்டர்வியூ. எப்படித் தெரிந்துகொண்டாரோ, படிக்கட்டில் மேரியம்மா நின்றிருந்தார், கையில் அதே கேரியர்.

"என்ன மேரியம்மா, இன்னைக்கு யாருக்கு?"

"என் புள்ளைக்கு இப்ப நான் சோறு போட முடியாதுல்ல சயாமா. இந்தப் புள்ளையாவது சாப்பிட்டுட்டுப் பேசட்டும்."

பெஞ்சில் உட்காரப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அங்க வேண்டாம், உள்ள வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.