காலி என்று விற்ற சிப்

ஜெரால்டுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பாகங்கள் அடிக்கும் கம்பெனி ஒன்றில் அவர் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். மிஷின் தானாக நின்றால் எங்கோ ஒயர் தளர்ந்திருக்கும், தானாக ஓடினால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும். இத்தனை வருஷ வேலையில் வேறு காரணம் எதையும் அவர் பார்த்ததில்லை. அவருடைய அப்பா இதே மண்ணில் கூலிக்கு நாற்று நட்டவர். மகன் அதன் மேல் எழும்பிய தகரக் கூரைக்குக் கீழே டெஸ்டரும் கையுமாக நடக்கிறார்.

வீடு கவரைப்பேட்டையில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் ஆம்ப்ளிஃபயர் தெரிகிற தூணோரம்தான் உட்காருவார். பிரசங்கத்தின் நடுவில் மைக் கரகரத்தால் போதகரின் கண் அந்தத் தூணுக்குத்தான் போகும். ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் அவர் வேலை மேசையில் சால்டரிங் அயர்ன் சூடாகிவிடும். அந்த மேசையைத் துடைப்பதை மனைவி கிரேஸ் எப்போதோ விட்டுவிட்டாள். துணியோடு ஏதாவது பொடிச் சாமான் போய்விட்டால் வீடே ரெண்டாகிவிடும்.

திருவள்ளூரில் மணவாளன் என்ற ஒருவர் மைக்ரோகன்ட்ரோலர் கிட் விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஜெரால்டு ஒன்று வரவழைத்தார். சின்ன பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒரு சிப், ஒரு கிரிஸ்டல், இரண்டு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி. அவ்வளவுதான். போர்டு கிடையாது, ஒயர் கிடையாது, எதை எதோடு சேர்ப்பது என்று சொல்லும் காகிதமும் கிடையாது. 'கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். சிப் காலி. புரோகிராமை நீங்களே எழுதிக்கொள்ளவும்' என்று உறைமேல் ஒட்டியிருந்தது. அந்தக் கறார் ஜெரால்டுக்குப் பிடித்துப்போயிற்று.

மதியம் சாப்பிட்ட கையோடு எல்லாவற்றையும் சேர்த்து பேட்டரியைக் கொடுத்தார். காலி சிப் என்றால் சும்மா கிடக்க வேண்டும். இதுவோ எல்.இ.டி.யை ஏற்றியது. கையை எடுத்தார், அணைந்தது. மறுபடி கிட்டே கொண்டுபோனார், எரிந்தது.

அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. எதோடும் சேர்க்காமல் விட்ட சிப்பின் கால் ஒன்று, சுவருக்குள் ஓடும் கரென்ட்டின் இரைச்சலை ஆன்டெனா மாதிரி பிடித்துக்கொள்ளும். கை கிட்டே போனால் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் விளக்கு எரிய வேண்டுமானால் உள்ளே யாரோ எழுதிய புரோகிராம் இருந்தாக வேண்டும். லேப்டாப்பை இணைத்துப் பார்த்தார். ஆங்கில எழுத்தில் தமிழ் வந்து விழுந்தது.

'கை உள்ளே. நிறுத்து.'

கையை இழுத்துக்கொண்டார்.

'கை வெளியே.'

அந்த நேரம் பார்த்து கரென்ட் போனது. மின்விசிறி நின்றது, பக்கத்து வீட்டு டி.வி. நின்றது. தெரு முழுக்கக் கரென்ட் இல்லை. இனிப் பிடிப்பதற்கு இரைச்சலே கிடையாது. ஜெரால்டு எழுந்து வாசற்படி வரை போய் நின்று திரும்பிப் பார்த்தார். ஆளில்லாத மேசையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லேப்டாப்பில் வரிக்கு மேல் வரி ஏறிக்கொண்டிருந்தது. கை உள்ளே. நிறுத்து. கை உள்ளே. நிறுத்து.

"இன்னாங்க, மூஞ்சி வெளுத்துப் போய்க் கீது?" என்றாள் கிரேஸ், அடுப்படியிலிருந்து வந்தவள்.

"ஒண்ணுமில்ல. புழுக்கம்."

போய் பேட்டரியைப் பிடுங்கினார்.

அடுத்த லீவு நாளில் சிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து திருவள்ளூர் போனார். மணவாளன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் இருந்தார். மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர். ஜெரால்டு சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, மேசைக்கடியிலிருந்து, அந்த சிப்பைக் கழற்றிய பழைய போர்டை எடுத்துவைத்தார். பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் 'சாம்சன்' என்று எழுதியிருந்தது. எழுத்துகள் இடக்கையால் எழுதியது போல் சாய்ந்து கிடந்தன.

"சிப் புதுசு இல்ல சார், அது உண்மதான். தகரம் அடிக்கற ப்ரெஸ் ஷாப் ஒண்ணு, இப்ப மூடிட்டாங்க, அதோட ஸ்கிராப்ல வந்தது. ஆனா எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் விக்கறேன். இத எப்படி உட்டேன்னு தெரியல."

"யாரு இந்த சாம்சன்?"

"அங்க மெயின்டனன்ஸ்ல இருந்தவராம். ப்ரெஸ்ல வலது கை போயிட்ச்சாம் அவருக்கு. அப்புறம் ஒத்தக் கையாலயே, கை உள்ள போனா மிஷின் நிக்கற மாதிரி இத செஞ்சி எல்லா மிஷின்லயும் மாட்டிக்கீறாரு. அவரு இருந்தவரைக்கும் அங்க ஒருத்தருக்கும் கை போவலன்னு ஸ்கிராப்காரன் சொன்னான். இப்ப அவரும் உயிரோட இல்ல சார்."

மணவாளன் ஜெரால்டின் கண்ணெதிரிலேயே சிப்பை அழித்தார். சோதித்துப் பார்த்தார், காலி. பேட்டரி கொடுத்தார்கள், கையைக் கொண்டுபோனார்கள். விளக்கு எரியவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஜெரால்டுக்கோ, பேசிக்கொண்டிருந்த ஒருவரின் வாயைப் பொத்திவிட்டது போல் இருந்தது.

"வேற சிப் தரட்டா சார்?"

"வேணாம். இதுவே இருக்கட்டும்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த மாதம் கம்பெனியில் ஏழாம் நம்பர் ப்ரெஸ்ஸில், கை உள்ளே போனால் மிஷினை நிறுத்தும் சென்சார் போர்டு எரிந்துபோயிற்று. புதியது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை மிஷினைச் சும்மா போட சூப்பர்வைசர் மோகன்ராஜுக்கு மனமில்லை. தற்காலிகமாக ஒன்று செய்துதருவதாக ஜெரால்டு சொன்னார். ஒரு ஒளிக்கதிர், அதை ஏதாவது மறித்தால் ப்ரெஸ்ஸை நிறுத்த ஒரு ரிலே, நடுவில் அந்த சிப், எல்லாம் சிவப்பு விளக்கு வைத்த ஒரு டப்பாவுக்குள். புரோகிராம் முழுக்க அவரே எழுதியது. கதிர் மறைந்தால் ஒன்று, மறையாவிட்டால் சைபர். லேப்டாப்புக்கு அது அனுப்புவது அந்த இரண்டு எண்களை மட்டும்தான்.

கதிரின் குறுக்கே மரக்கட்டையை நீட்டி நீட்டிச் சோதித்தார். ஒழுங்காக நின்றது. மிஷினின் டையில், அதாவது கீழ் அச்சில், தகரம் வைத்து எடுப்பவள் பூமிகா. ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண். கை சுறுசுறுப்பு.

சில வாரங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு நாள் டீ இடைவேளை முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பியபோது ஏழாம் நம்பர் நின்றுவிட்டது. டப்பாவின் சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. பூமிகா இரண்டடி தள்ளி, கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

மோகன்ராஜ் விரைந்து வந்தார். "இன்னா ஜெரால்ட், வெளிய லாரி நிக்குது. அந்த டப்பாவ கழட்டிட்டு நேரா லைன் குடு."

"கொஞ்சம் இரு சார், பாத்துக்கறேன்."

லென்ஸைத் துடைத்தார். தூசு இல்லை. ஒயர் எல்லாம் இறுக்கமாக இருந்தது. கதிரை எதுவும் மறிக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து இணைத்தார். ஒன்றும் சைபரும் வர வேண்டிய இடத்தில், அவர் எழுதாத எழுத்துகள்.

'கை உள்ளே. நிறுத்து.'

ஷாப்பின் சத்தம் முழுக்க எங்கோ தூரத்தில் கேட்பது போல் இருந்தது.

"அண்ணா, டையில ஒரு துண்டு தகரம் மாட்டிக்கினு கீது," என்றாள் பூமிகா. "மிஷின்தான் நின்னுட்ச்சே, எடுத்துட்றேன்." குனிந்தாள்.

"கைய வெக்காத!"

ஜெரால்டு அந்த ஷாப்பில் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. பூமிகா திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். மோட்டார் நின்றிருந்தது. யாரும் பொத்தானைத் தொடவில்லை. மேலே நின்ற அத்தனை கனமான இரும்பும் தானாக இறங்கி டையில் மோதியது. தரை அதிர்ந்தது. தகரத் துண்டு காகிதமாய்ச் சப்பிப்போயிற்று.

பூமிகா தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெரால்டு லேப்டாப்பைப் பார்த்தார்.

'கை வெளியே.'

அதற்குக் கீழே சைபர். அப்புறம் வெறும் சைபர்கள்.

பிரித்துப் பார்த்தபோது, அந்த இரும்பை மேலே பிடித்து நிறுத்தும் பிரேக்கின் ஸ்பிரிங் உள்ளே முறிந்து கிடந்தது. அது முறிந்ததை டப்பா அறிய வழியே கிடையாது. பிரேக்குக்கும் அதற்கும் ஒரு ஒயர்கூடப் போகவில்லை. ஜெரால்டு சிப்பில் இருந்ததை முழுக்க வெளியே எடுத்து, தான் எழுதியதோடு வரி வரியாக ஒப்பிட்டார். ஒரு எழுத்துகூட அதிகம் இல்லை.

கிரேஸிடம் மட்டும் சொன்னார். அவள் பயப்படவில்லை. வீட்டு ஜெபத்தில் சாம்சன் பேரைச் சொன்னாள். எப்போதும் ஜெபம் முடியுமுன் மேசையை எட்டிப் பார்க்கும் ஜெரால்டு, அன்று முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

புது சென்சார் வந்து மாட்டியாயிற்று. டப்பாவைக் கழற்றப் போனபோது பூமிகா குறுக்கே வந்தாள். "அது பாட்டுக்கு இருக்கட்டுமே அண்ணா. யாருக்கு இன்னா தொல்ல?" மோகன்ராஜ் காதில் விழாதவர் போல் அந்தப் பக்கம் நடந்தார். ஜெரால்டு ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானம் கேன்டீனுக்கு வெளியே நின்று மணவாளனுக்கு போன் பண்ணினார்.

"அந்த ஸ்கிராப்ல வந்த மத்த சிப்பெல்லாம் இன்னா ஆச்சு?"

"எல்லாம் வித்துப் போச்சு சார். எங்கெங்கயோ போய்ட்ச்சி. ஏன் சார், திருப்பி எடுத்துக்கணுமா? உங்களத் தவிர யாரும் ஒண்ணும் சொல்லலியே."

"இல்ல," என்றார் ஜெரால்டு. "எடுத்துக்காதீங்க. இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."