மாமாவின் வாயில் இருந்த பற்கள்

என் மாமா, உம்மாவின் தம்பி, கண்டக்குழிக் கரையில் மீன் ஏலம் கூறியவர். மாமி மௌத்தான பிறகு தனியாக இருந்தார். கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தபோது அவரைத் தூக்கிப் பார்க்க ஆளில்லை. நான் நுரைச்சோலையில் படிப்பிக்கிறேன். வீட்டில் ஏற்கெனவே என் கணவரின் உம்மா படுக்கையில். அதனால் கடலோரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்தோம்.

முன்பு வெள்ளைக்காரர்கள் தங்கிய லொட்ஜ் அது. வரவேற்பறையில் மீன் தொட்டி, தோல் கதிரைகள், பெரிய மனிதர்களோடு மேலாளர் கைகுலுக்கும் படங்கள். அந்தப் படங்களில் முதியவர்கள் பின்னால் மங்கலாக நின்றார்கள். மேலாளருக்கு அமைதியில்தான் பெருமை.

"கேட்டுப் பாருங்க டீச்சர், ஒரு சத்தம் இரிக்கா? வேற ஹோமுகள்ல ஒரே கத்தல்."

உண்மைதான். அங்கே மீன் தொட்டியின் மோட்டார் மட்டும்தான் சத்தம் போட்டது.

சில மாதங்களில் மாமாவும் அந்த அமைதியில் சேர்ந்துகொண்டார். நான் போனால் கண்ணால் மட்டும் வரவேற்பார். ஒரு கையால் வாயைப் பொத்தியபடியே இருப்பார். எலும்பு பொருந்தி, நடக்கத் தொடங்கியும் ஆள் மெலிந்துகொண்டே போனார்.

"மறதி வருத்தம்," என்றார் மேலாளர். "கதை பேச்சு ஒண்டும் இல்ல. சோத்தத் துப்புறார். குளிசை தொடங்கிட்டம்."

"டொக்டர் பாத்தாரா?"

"எங்களுக்கு அனுபவம் இரிக்கிதானே."

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பாலப்பம் கொண்டுபோனேன். மாமா ஒரு வாய் கடித்தார். மேல்வரிசைக் கட்டுப்பல் கழன்று மடியில் விழுந்தது. எடுத்துக் கழுவித் திரும்பப் போட்டுவிட்டேன். பொருந்தவே இல்லை. சின்னக் காலில் பெரிய செருப்பைப் போட்டதுபோல் ஆடியது. மாமாவின் கட்டுப்பல்லைச் செய்விக்க அவரோடு புத்தளத்துக்குப் போனவள் நான். அது இவ்வளவு பெரிதில்லை.

பக்கத்துக் கட்டிலில் அகன்ற முகத்துடன் ஒரு பெரியவர் கிடந்தார். அவரும் பேசாதவர்தான். அவரிடம் அனுமதி கேட்டு வாயைத் திறந்து பார்த்தேன். ஈறெல்லாம் புண். உள்ளே இறுகிக் கிடந்தது என் மாமாவின் பல்.

பணிப்பெண்ணைக் கேட்டேன். எல்லாருடைய பல்லையும் ஒரே பேசினில் போட்டுக் கழுவுவதாகச் சொன்னாள். தனித்தனிக் கோப்பை கேட்டதற்கு, அலுமாரியில் இருப்பவை விருந்தினருக்கு என்று மேலாளர் சொல்லிவிட்டாராம்.

அவரையே கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டும் பல்லுதானே டீச்சர். மாத்தி விட்டாச் சரி. இத ஒரு பெரிய கதையாக்க வேணாம்."

அவருடைய வாயில் இன்னொருவரின் பல்லைப் போட்டுவிட்டு அனுபவத்தைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பற்களையும் சுடுதண்ணீரில் கழுவி உரியவர்களிடம் கொடுத்தேன்.

மாமா வாயைப் பலமுறை மூடித் திறந்தார்.

"ஏன் மாமா முதலே சொல்லல்ல?" என்றேன்.

"சொன்னேனே," என்றார். "வாயில பல்லு நிக்காம எப்புடிக் கதைக்க? கொழகொழண்டு வந்திச்சி. பைத்தியம்னு குளிசையத் தந்தானுவள். அத முழுங்கினா நாள் முழுக்க நித்திர."

அன்றே அவரை முச்சக்கர வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புத்தளத்தில் டொக்டரிடம் காட்டினோம். மறதி எதுவுமில்லை என்று சொல்லிக் குளிசையை நிறுத்தினார். இப்போது என் கணவரின் உம்மாவுக்கு எதிரே ஒரு கட்டில் போட்டிருக்கிறோம். வீட்டில் இடம் நெருக்கம்தான், இருவருக்கும் வாய்ச்சண்டையும் உண்டு.

அந்த மற்றப் பெரியவரைப் பார்க்கப் பிறகும் ஒருமுறை போனேன். ஈறு ஆறி, நன்றாகப் பேசினார். வரவேற்பறையில் புதிதாக ஒரு பெரிய குளிர்சாதனப் பெட்டி நின்றது. தன் வாப்பாவைப் பேசவைத்த மேலாளருக்கு நன்றியாக வெளிநாட்டிலுள்ள அந்தப் பெரியவரின் மகன் வாங்கி அனுப்பியதாம். அதன் முன்னால் நின்று மேலாளர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.