செவலையின் கடைவாய்ப்பல்

குதிரைக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். என் வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது. வாத்தியாருக்கும் தெரியாது. சொன்னதற்கு, பெண் பிள்ளை என்றும் பார்க்காமல் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தார். நின்றபடியே இன்னொரு முறை சொன்னேன்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு நெல் வயல் இருந்தது, உழவு மாடுகள் இருந்தன, செவலை என்று ஒரு குதிரையும் இருந்தது. அவர் ஸ்டேஷனுக்குப் போகவும், ஆடி மாதம் குடும்பத்தோடு பெரியபாளையத்து அம்மனைப் பார்த்து வரவும் செவலை பூட்டிய வண்டிதான். செவலைமேல் எனக்கு இருந்த பிரியத்தில் பாதிகூட என் தம்பிமேல் கிடையாது.

அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் செவலை புல்லைத் துப்ப ஆரம்பித்தது. தலையை ஒருக்களித்துக்கொண்டு மெல்லும், பாதி மென்றதை உருண்டை உருண்டையாகக் கீழே போடும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கண் பட்டுவிட்டது என்று அம்மா மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டாள். செவலை நாலு தும்மல் போட்டது, அவ்வளவுதான்.

பிறகு கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து கம்பவுண்டர் சைக்கிளில் வந்தார். வயசுப் பிள்ளை, அடக்கமான பேச்சு. செவலையின் நாக்கைப் பிடித்து வாயோரமாக வெளியே இழுத்துக்கொண்டு, மறு கையை உள்ளே விட்டுத் தடவினார்.

“கண்ணும் படல, காத்தும் அடிக்கல. மேல் கடைவாய்ப்பல்லு வளந்து வளந்து ஓரமெல்லாம் கத்தி மாதிரி ஆயி கீது. மெல்லும்போது கன்னத்தைக் கிழிக்குது. வருசத்துக்கு ஒரு தபா ராவி வுட்டா போதுங்க” என்றார்.

நீளப் பிடி வைத்த அரம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். எங்களோடு இருந்த அத்தை செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அரத்தைக் கழுவ நான் வாளித் தண்ணீரோடு நின்றேன். ராவி ராவிக் கழுவியதில் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராக வெளுத்துப்போனது. மறுநாள் செவலை ஒரு கட்டுப் புல்லைத் தின்று தீர்த்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை என்று சொன்னவர் அடுத்த மாதமே வர வேண்டியதாயிற்று. “அண்ணா, செவலை மறுபடியும் துப்புது” என்று அத்தை ஈரமான புல் உருண்டைகளைக் கொண்டுவந்து நைனாவிடம் காட்டினாள். அதற்கடுத்த மாதமும் காட்டினாள். கம்பவுண்டர் வரும் நாளில் தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டுதான் கயிற்றைப் பிடிப்பாள். ஒரு தடவை, வாய் வலியால் எதையும் தின்னாத அந்தக் குதிரை, எட்டி அந்தச் சரத்தைப் பிடுங்கி நிதானமாக மென்று விழுங்கியது. அத்தையும் கம்பவுண்டரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார்கள்.

அத்தை நைனாவின் கடைசித் தங்கை, இருபத்திரண்டு வயது. ஆர்.கே.பேட்டையில் அவளுக்கு ஒரு வரன் பார்த்திருந்தார் நைனா. மனைவி தவறிப்போன மனிதர், நாற்பதைத் தாண்டியவர். ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. அத்தை மாட்டேன் என்று சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு நாள் வைக்கோல் போருக்குப் பின்னால் அத்தை உட்கார்ந்து, புல்லைப் பொடியாக நறுக்கிக் கழுநீரில் நனைத்துக் கொழுக்கட்டை பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்று ஒரு வெல்லக் கட்டியைக் கொடுத்தாள். கட்டி பெரியது, ஆகவே நான் சொல்லவில்லை.

நாலாவது முறை கம்பவுண்டர் வந்து செவலையின் நாக்கை இழுத்துப் பிடித்திருந்தபோது நைனா கொல்லைக்கு வந்தார்.

“வாய் செத்த குதிர. இதுக்கு மேல வெச்சிக்கினு பேஜாரு பட முடியாது. பெரியபாளையத்துல ஜட்கா ஓட்றவன் ஒருத்தன் கேட்டுக்கினு கீறான். நாளிக்கு வந்து ஓட்டிக்கினு பூடுவான்” என்றார்.

வெல்லத்தை அப்போதே தின்று முடித்திருந்தேன், திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. வாளியைக் கீழே வைத்தேன்.

“செவலைக்கு ஒண்ணும் இல்ல நைனா. புல்லை அத்ததான் உருட்டுது, நான் பார்த்தேன். இவுரும் ராவறதே இல்ல. சும்மா அரத்தை உள்ள வுட்டு உள்ள வுட்டு எடுக்கறாரு. பாரு, தண்ணி வெளுக்கவே இல்ல.”

நைனா வாளியைப் பார்த்தார். அரத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்க்கலாம் என்றால் அவள் குதிரையின் கழுத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். கம்பவுண்டர் செவலையின் நாக்கை விட மறந்து நின்றார். நைனா கயிற்றை உருவிக் கையில் சுற்றியதைப் பார்த்ததும், அடி யாருக்கு விழும் என்று தெரியாமல் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மாவின் குரல் கேட்டது. “கம்பவுண்டரே, மொதல்ல நாக்கை வுடுங்க, பாவம் அது. உங்களுக்குச் சொந்த ஊரு எது?”

“ஆரம்பாக்கங்க.”

“ஆரம்பாக்கத்துல யாரு ஊடு?”

அவர் சொன்னார். அம்மா விடவில்லை. அவருடைய பெரியம்மாவை எங்கே கொடுத்தார்கள், சித்தப்பா எங்கே பெண் எடுத்தார் என்று குடைந்து குடைந்து கேட்டாள். கடைசியில் நைனா பக்கம் திரும்பி, “மொறை சரியாத்தான் வருது” என்றாள். பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நைனா கயிற்றை வீசிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். மூன்று நாள் அவருக்குச் சோறு வயலுக்கே போனது. நாலாம் நாள் சாப்பிடும்போது, “அந்தப் பையன் ஊட்ல நெலம் கீதா?” என்று தட்டைப் பார்த்துக் கேட்டார்.

செவலையை விற்கவில்லை. ஆவணியில் அத்தைக்கும் கம்பவுண்டருக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொன்னதற்குத் தண்டனையாகத்தான் அவர்களைச் சேர்த்து வீட்டைவிட்டு அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். அத்தை அழுதுகொண்டே வண்டி ஏறியதும் அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

சீக்கிரமே கம்பவுண்டர் மாமாவுக்குத் திருத்தணிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. விருந்துக்கு வரும் மாப்பிள்ளையிடம் குதிரையின் வாயைப் பார்க்கச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. ஒரு நாள் செவலை மெய்யாகவே புல்லைத் துப்பியது. பதறிப்போய் உருண்டைகளைப் பொறுக்கிக்கொண்டு நைனாவிடம் ஓடினேன்.

நைனா ஓர் உருண்டையை வாங்கிப் பிய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“இதை யாரு உருட்னது?”

“செவலைதான் நைனா.”

உள்பக்கம் திரும்பி, “இன்னாமே, கும்மிடிப்பூண்டிக்கு வந்துகீற புது கம்பவுண்டருக்கு இன்னா வயசு இருக்கும்?” என்று அம்மாவைக் கேட்டார்.

“இருவத்தஞ்சு இருக்கும்” என்றாள் அம்மா.

மறுநாள் பொன்னேரியிலிருந்து வாயில் ஒரு பல்கூட இல்லாத கிழவர் ஒருவர் அரத்தோடு வந்தார். அவர் போகும்வரை என்னைக் கொல்லைப் பக்கமே வரக் கூடாது என்று நைனா சொல்லிவிட்டார். அம்மா அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த வீட்டில் குதிரை விஷயத்தில் உண்மை பேசிய ஒரே ஆள் நான்தான். என்னைப் போய் ஏன் சந்தேகப்படுகிறார்கள் என்று விளங்காமல் அன்று சாயங்காலம்வரை அழுதேன்.