மானின் பின்பக்கம்

தம்பியிடமிருந்து போன் வந்துவிட்டது. இனி இதைச் சிரித்துக்கொண்டே எழுதலாம். அதுவரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் பாளையம்பட்டியில் ஊரார் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அங்கே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, வில் அம்போடு மலை ஏறி, எல்க் என்ற மானை வேட்டையாடுவார்களாம். நம் உழவு மாட்டைவிடப் பெரிய மான். ஆடு அறுத்தால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத பயலுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்ததோ. போன லீவில் வந்தவன் என் தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"பொம்மை மான் ஒண்ணு தச்சுக் குடுக்கா. பொட்ட மான் நிக்கிதுன்னு நம்பித்தான் கெடா மான் கிட்ட வரும். கடையில விக்கிறது கனம். நாள் கணக்கா முதுகுல சொமந்துட்டு ஏறணும்."

"ஏலே, முழு மானா?"

"பின்பக்கமும், திரும்பிப் பாக்குற மூஞ்சியும் போதும். அதுக்குப் பின்னாடி நான் ஒளிஞ்சுக்குவேன்."

இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ பேருக்கு அளவெடுத்திருக்கிறேன். போனில் படத்தைப் பார்த்து ஒரு மானின் பின்பக்கத்துக்கு அளவெடுத்தது அதுதான் முதல் தடவை.

அவன் வாங்கிவந்த பாலியஸ்டர் துணியை வேண்டாம் என்றுவிட்டேன். வெயிலில் மினுங்கும். துவைத்துத் துவைத்துச் சாயம் மங்கிய காவி நிற நூல் சேலை ஒன்று என்னிடம் கிடந்தது. வாலைச் சுற்றி வெளுத்த திட்டுக்கு வீட்டுக்காரரின் பழுப்பேறிய வேட்டி. காது விறைப்பாக நிற்க, சட்டைக் காலருக்குள் வைக்கும் கேன்வாஸ். விரித்து நிறுத்த உடைந்த குடைகளின் கம்பி. அதை மடித்துவைக்கும் பைக்கு வெல்க்ரோ பட்டை வைக்கப் போனேன். பிரிக்கும்போது பர்ரென்று சத்தம் வரும், மான் ஓடிவிடும் என்றான். சரியென்று பாவாடை நாடா கோத்துக் கொடுத்தேன். மடித்தால் தோசைக்கல் அளவு, தூக்கினால் ஒரு குடையின் கனம்.

திருச்சுழி ரோட்டில் சீமைக்கருவேலங்காட்டு ஓரமாக நிறுத்திப் பார்த்தோம். தம்பி அதற்குப் பின்னால் குந்திக்கொண்டான். தைத்த எனக்கே அது உயிரோடு திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது. பக்கத்துக் கடலைக்காட்டுக்காரர், மான் மேய வந்துவிட்டதென்று ஒரு கல்லை எடுத்து வீசினார். கல் துணிக்கு மேலாகப் போய்த் தம்பியின் தோளில் விழுந்தது.

"ஆளு இருக்குறது தெரியலப்பா" என்று அவர் பதறி ஓடிவந்தார். தம்பி தோளைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

"பாத்தியாக்கா, மனுசரே நம்பிட்டாக."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே கல். அங்கே மலை முழுக்க அம்போடு ஆட்கள். கொண்டுபோகாதே என்று கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் முழுக்கப் பேசாமலும் இருந்தேன். ஆட்களுக்கு அடையாளம் தெரிய ஓர் ஓரத்திலாவது சிவப்புத் துணி வைத்துத் தருகிறேன் என்றதையும் கேட்கவில்லை. பெட்டியில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

மலைக்குப் புறப்படும் அன்று, சிக்னல் இருக்காது, பயப்படாதே என்று ஒரு மெசேஜ் அனுப்பினான். பயப்படாதே என்று சொல்லி யாருக்குப் பயம் போயிருக்கிறது? என் கையால் தைத்ததே அவனுக்கு எமனாகிவிடுமோ என்பதே நினைப்பாக இருந்தது. ஒரு பெண்ணின் ஜாக்கெட்டுக்கு இரண்டு கையும் இடது கையாகவே தைத்துக் கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நேற்று சோறு வடிக்கும்போது போன் அடித்தது.

"அக்கா, எறங்கிட்டேன். நல்லாயிருக்கேன்."

கஞ்சியைக் காலில் கொட்டிக்கொள்ளாதது தெய்வச் செயல். "மான் வந்துச்சாலே?" என்றேன்.

"மான் வரல. ஒரு ஆளுதான் வந்தான்." குரல் இறங்கியது. "மரத்துக்குப் பின்னாடி நின்னு வில்ல இழுத்துட்டான்க்கா. எனக்கு அந்த நேரம் இங்கிலீசே வரல. 'ஏலே, நான் மனுசன்லே'ன்னு கத்திட்டேன். அவனுக்கு என்ன புரிஞ்சுச்சோ, வில்லத் தாழ்த்திட்டான்."

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவனுக்கென்று சேர்த்துவைத்திருந்த வசவெல்லாம் மறந்துபோய், "சாப்பிட்டியாலே?" என்று மட்டும் கேட்டேன்.

"சாப்பிட்டேன்க்கா. கோவிச்சுக்கிடாத. நீ தச்சுக் குடுத்தத அங்கனயே கத்திய வச்சுக் கிழிச்சுட்டேன்."

நான் தைத்ததிலேயே அதைப்போல ஓர் உருப்படி கிடையாது.

"மகராசனா இருலே" என்றேன்.