மொட்டை மாடியில் அக்காள் வளர்த்த குட்டிகள்

எங்கள் அக்காள் கண் மூடி வருஷம் ஒன்று திரும்பிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் தங்கையின் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் முன்னால் பேசவும் வராது. அக்காள் மகன் செல்வம்தான், "சித்தி, எம்மாகூட கடைசி வரைக்கும் இருந்தது நீங்கதான். நீங்க எழுதுனாத்தான் சரியா இருக்கும்" என்று காகிதத்தை முன்னால் வைத்துவிட்டான்.

அக்காள் பிறந்தது சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில், செம்மண் காட்டு ஊரில். வீட்டுக்கு மூத்த பிள்ளை. கல்யாணம் முடிந்து தூத்துக்குடிக்கு வந்தார்கள். அத்தான் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். செல்வம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அத்தான் நெஞ்சுவலியில் போய்விட்டார்கள். திரேஸ்புரத்தை ஒட்டி ஒரு ஓலை வீடும், அதன் பின்னால் கொஞ்சம் வெறுந்தரையும்தான் மிச்சம். அக்காள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஊருக்குப் போய் இரண்டு பெட்டை ஆடு பிடித்து வந்தார்கள். அந்த ஆடுகளும் அவற்றின் குட்டிகளும்தான் செல்வத்தை ஆளாக்கின. கோபம் மட்டும் அக்காளுக்கு அதிகம். தெருவில் அவர்கள் சத்தம் கேட்டால் மீன்காரி எடையைத் திருத்திப் போடுவாள். ஆனால் யாருக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் முதலில் கஞ்சி கொண்டுபோவதும் அவர்கள்தான்.

செல்வம் லாரி ஓட்டிச் சம்பாதித்து, ஓலை வீட்டை இடித்து மாடி வீடு கட்டினான். பின்னால் கிடந்த தரையும் சிமெண்ட் ஆகிவிட்டது. கீழ்வீடு வாடகைக்கு, மேல்வீட்டில் நாங்கள். என் வீட்டுக்காரர் காலமான பிறகு நானும் அங்கேதான். ஆட்டை விற்றுவிடலாம் என்றான் செல்வம். அக்காள் கேட்கவில்லை. மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போடவைத்து, ஆடுகளை மேலே ஏற்றிவிட்டார்கள்.

கீழ்வீட்டில் குடியிருப்பவள் பிலோமினா. அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன. வாசலில் தொட்டி வைத்து ரோசாவும் மல்லிகையும் வளர்ப்பாள்.

அக்காள் போவதற்கு முந்தின வருஷம் அப்போதிருந்த இரண்டு பெட்டை ஆடும் மாடிக்கு வந்தபின் முதல் தடவையாக, ஒரே வாரத்தில் குட்டி போட்டன. ஆளுக்கு இரண்டு. பிலோமினா மாடிக்கு வந்து பார்த்து, "எம்மாடி, பஞ்சு மாதிரில்லா இருக்கு!" என்றாள். குட்டிகளைச் சுத்தமாக வளர்க்க வேண்டும் என்பது அக்காளின் ஆசை. காலையும் மாலையும் தரையைக் கழுவிவிடுவார்கள். தாய்ப்பால் தவிர வேறு எதையும் வாயில் வைக்க விடமாட்டார்கள். தழை தின்றால் கழிச்சல் வரும் என்று பயம். "என் குட்டிக ஒரு பொட்டு மண்ணு மிதிக்கல" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்கள்.

கறுப்புக் குட்டி ஒன்று மட்டும் அடங்காது. கண் அசந்தால் படி இறங்கிப் போய்ப் பிலோமினாவின் தொட்டியில் முகத்தைப் புதைத்து மண்ணைத் தின்னும். அவள் துடைப்பத்தோடு ஓடிவருவாள். "பெரியம்மா, ஒங்க குட்டியைப் பிடிங்க! இந்தச் சனியன் மண்ணைத் தின்னே சாவப்போவுது!"

அந்தச் சொல்தான் வினையாகப் போயிற்று. கொஞ்ச நாளில் ஒரு குட்டி பால் குடிக்க எழும்பவில்லை. நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியது. அது செத்தது. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவதும் தலையைத் தொங்கப் போட்டது.

அக்காள் குழாயடிக்குப் போய், தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். "பிலோமி கண்ணு பட்டுட்டு. பஞ்சுங்கா, சனியன்ங்கா, சாவும்ங்கா. அவ வாயி சும்மா போவுமா?" பிலோமினா குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அன்றைக்கே செல்வத்திடம், "அவள வீட்டைக் காலி பண்ணச் சொல்லுல" என்றார்கள். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது என்றான். அக்காள் சொன்னது சொன்னதுதான். மறுநாள் முதல் தெருப் பெண்கள் பிலோமினாவைக் கண்டால் கைப்பிள்ளையைச் சேலையால் மூடினார்கள். அவளும் ஊருக்கு வெளியே ஒரு வீடு பார்த்துவிட்டாள்.

சாமான் கட்டத் தொடங்கிய அன்று பிலோமினா மாடி ஏறி வந்தாள். அழுத முகம்.

"பெரியம்மா, வீடு ஒங்களது, போறேன். ஆனா பழியோட போக மாட்டேன். மிச்சம் இருக்க குட்டியத் தூக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம். என் கண்ணுதான்னு டாக்டர் சொல்லட்டும்."

"ஆட்டு டாக்டருக்குக் கண்ணேறு தெரியுமாளா?"

"வேற என்னன்னாவது தெரியும்லா."

அக்காள் கறுப்புக் குட்டியைத் தூக்கிக்கொண்டார்கள். மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினோம். நடுவில் நான். என் மடியில் சோர்ந்த குட்டி, அக்காள் மடியில் கறுப்புக் குட்டி. அதைத் தனியாக விட்டுவரப் பயம். வழி முழுக்க ஆட்டோக்காரத் தம்பி மட்டும்தான் பேசினான்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்ன வயசு அம்மா. சோர்ந்த குட்டியின் கண் இமையை இழுத்துக் காட்டினார். உள்ளே காகிதம் போல வெளுப்பு. கறுப்புக் குட்டிக்கு இழுத்தார். நல்ல சிவப்பு. புழுக்கையையும் வாங்கிப் பார்த்து, வயிற்றில் பூச்சி இல்லை என்றார்.

"பாட்டி, ரெண்டும் ஒரே இடத்துலதான வளருது? இந்தக் கறுப்பு வேற என்ன சாப்பிட்டுது?"

அக்காள் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் தொட்டி மண்ணை" என்றாள் பிலோமினா.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதான் பிழைச்சுது. பாட்டி, இது கண்ணும் இல்ல, சாபமும் இல்ல. இரும்புச்சத்து இல்லாம ரத்தம் ஊறல. பால்ல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. ஊர்ல குட்டிங்க மண்ணை நக்கும், தழையைக் கடிக்கும், அதுல கிடைச்சிரும். நீங்க சிமெண்ட் தரையைக் கழுவிக் கழுவிப் பாலை மட்டும் குடுத்திருக்கீங்க."

"அப்ப மண்ணத் திங்க விடணுமா தாயி?"

"ஐயோ, வேண்டாம். அதனால வயித்துல பூச்சி விழும். இப்ப ஊசி போடுறேன். இளந்தழை கட்டித் தொங்கவிடுங்க. இனிமே குட்டி போட்டா மொத வாரமே கொண்டு வாங்க."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்காள்தான் முதலில் வாயைத் திறந்தார்கள்.

"ஏளா பிலோமி, பாத்த வீட்டுல தண்ணி எப்படி?"

"உப்புத்தண்ணிதான் பெரியம்மா."

"பெறவு எதுக்குளா அங்க போற? பேசாம இரி."

"நீங்கதான போகச் சொன்னீங்க!"

"சொன்னேன். இப்ப இருன்னும் நான்தான சொல்லுதேன்."

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்காள் அப்படி நினைக்கவில்லை. மறுநாள் காலையில் குழாயடிக்குப் போனார்கள். கூட்டம் சேரும் வரைக்கும் காத்திருந்தார்கள். "ஏ பொம்பளைகளா, பிலோமி கண்ணுல ஒண்ணும் கிடையாது. என் புத்தியிலதான் கோளாறு. நான்தான் அந்தக் குட்டிகளுக்கு ரத்தம் ஊறவிடாமப் பண்ணிட்டேன்" என்று சத்தமாகச் சொன்னார்கள். பிலோமினாவின் குடத்தைத் தானே எடுத்துக் குழாயில் வைத்தார்கள். ஊசி போட்ட குட்டி கொஞ்ச நாளில் எழுந்து, தாய் முதுகில் ஏறிக் குதித்தது.

கடைசியில் அக்காள் படுக்கையில் விழுந்தபோது எனக்குத் தூக்கிப் பிடிக்கத் தெம்பு இல்லை. உடம்பு துடைத்ததும் சேலை மாற்றியதும் பிலோமினாதான். ஒரு நாள் அவள் கீழே போன பிறகு அக்காள் என் கையைப் பிடித்து, "நல்ல வேளைளா. இவ அன்னைக்கு மல்லுக்கட்டி என்னை இழுத்துட்டுப் போகாட்டா, இந்தப் பாவத்தையும் சுமந்துல்லா நான் போகணும்" என்றார்கள். அப்புறம் நன்றாகத் தூங்கினார்கள். போனதும் அப்படி ஒரு தூக்கத்தில்தான்.

அக்காளுக்கு மருந்து கொடுத்தவர்கள், காரியத்துக்கு வந்து நின்றவர்கள், ஆட்டோக்காரத் தம்பி, டாக்டரம்மா, எல்லாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இன்றும் கீழ்வீட்டில் இருக்கும் பிலோமினாவுக்கு நன்றி என்று எழுதினால் அவள் சண்டைக்கு வருவாள். எங்கள் தெருப் பெண்களுக்குத்தான் தனியாக ஒரு கும்பிடு. அக்காள் பழி சொன்னதைக் கேட்ட நீங்கள் அத்தனை பேரும், அதை அவர்கள் திருப்பி எடுத்த காலையிலும் குடத்தோடு அங்கே நின்றீர்களே, அதற்காக.