டிம் அடித்தாலும் கூசுகிற விளக்கு

என் குழந்தையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவதற்காக, எதிரே வருகிற இன்னொருத்தியின் குழந்தை எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொள்ளலாம்? மாசி மாதத்திலிருந்து இந்தக் கேள்வியோடுதான் கார் ஓட்டுகிறேன். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை வீரவநல்லூர் பக்கம். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். அவர் போன பிறகுதான் எனக்கு இந்த இடமாற்றம் வந்தது. மகளுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. கிளைக்குப் பக்கத்துத் தெருவில் நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மாவிடம் அவளை விடுகிறேன். திடீரென்று காய்ச்சல் என்றால் ஓடிப் போய்விடலாம் என்ற எண்ணம். ஆகவே காலையில் இருவரும் போகிறோம், மாலையில் இருவரும் திரும்புகிறோம். பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். சேரன்மகாதேவி வருவதற்குள் அவள் வாந்தி எடுத்துவிடுவாள்.

மஸ்கட்டுக்குக் கிளம்பும் முன் கணவர் இந்தப் பழைய சிறிய காரை வாங்கி நிறுத்தியிருந்தார். "இனிமே நீ யாரையும் எதிர்பாக்க வேண்டாம்" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். யாரையும் எதிர்பார்க்காமல் இருப்பது இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று இருவருக்குமே தெரியவில்லை.

கணக்கை முடித்துவிட்டுக் கிளம்பும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். மகளைப் பின்னால் அவளுடைய இருக்கையில் உட்கார வைத்து வாரைப் பூட்டுவேன். பூட்டிய பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் சந்தேகம் வந்து, இறங்கிப் போய் மறுபடி இழுத்துப் பார்ப்பேன். பத்தமடை தாண்டினால் கடைகளின் வெளிச்சம் முடிந்துவிடும். பிறகு முன்னீர்பள்ளம் வரும்வரை வயலும் சாலையும் நாங்களும்தான்.

அப்போது காரில் இருந்தவை பழைய ஹாலஜன் பல்புகள். விளக்கின் கண்ணாடியும் மங்கிப் போயிருந்தது. வெளிச்சம் நீர்த்த டீ போல மஞ்சளாகப் பத்தடி முன்னால் விழும். ஆனால் அந்த விளக்கோடு எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. எதிரே வண்டி வந்தால் நான் டிம் செய்வேன். அவர்களும் டிம் செய்வார்கள். "பாத்தியா, கண்ணு சிமிட்டுதாங்க" என்று ஒரு நாள் மகளிடம் சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் அவள் காத்திருப்பாள். லாரி டிம் செய்தால், "லாரி மாமா சிமிட்டிட்டாரு." பஸ் என்றால் கையையும் ஆட்டுவாள். கண் சிமிட்டாத வண்டிக்கு, "அவங்களுக்குத் தூக்கம் வருதும்மா" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

காசாளர் கூண்டுக்கு வெளியே நிற்பவர்களிடம் பகலெல்லாம் பேசுகிறேன். கையெழுத்து சேரவில்லை, ஆதார் நகல் வேண்டும், நாளைக்கு வாங்க. அதெல்லாம் பேச்சு என்று எனக்குத் தோன்றியதில்லை. இருட்டில் முகம் தெரியாத ஒருவர் எனக்காக விளக்கைத் தாழ்த்துவது, அந்த நாளில் ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்ன ஒரே வார்த்தை போல இருக்கும்.

மாசியில் பிசானப் பருவத்து நெல் அறுவடை வந்தது. எங்கள் பக்கம் நெல்லைக் காயப் போடத் தார்ச் சாலையை விட நல்ல களம் கிடையாது. சாலையின் பாதியில் நெல்லைப் பரப்பியிருப்பார்கள். வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் தலையளவு கருங்கற்களை வரிசையாக வைத்திருப்பார்கள். சாயங்காலம் நெல்லைக் குவித்துக் கறுப்புத் தார்ப்பாயால் மூடிவிடுவார்கள். சாலை கறுப்பு, தார்ப்பாய் கறுப்பு, கல்லும் கறுப்பு.

பிராஞ்சேரி பக்கம் ஒரு மாலை, முன்சக்கரம் ஒரு கல்லில் மோதி ஏறி இறங்கியது. கார் ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது. தூங்கிக்கொண்டிருந்த மகள் வீரிட்டாள். நான் ஓரமாக நிறுத்தி, அவளைத் தூக்கி, தலை, கழுத்து, கை எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பயந்துதான் அழுதாள். நெல்லுக்குக் காவல் இருந்தவர் டார்ச் லைட்டோடு வந்தார்.

"ஏம்மா, கல்லு வச்சிருக்கது தெரியலையா?"

"தெரியலைங்க."

"தெரியணும்னுதானம்மா வச்சிருக்கு!"

டார்ச்சை டயரில் அடித்துப் பார்த்தார். பிறகு என் ஹெட்லைட்டைப் பார்த்தார். "இதென்னம்மா, சிமினி வெளக்கு கணக்கா எரியுது. இத வச்சிக்கிட்டா புள்ளையக் கூட்டிட்டு வாரிய? மொதல்ல லைட்ட மாத்துங்க" என்றார். மகளைப் பார்த்து, "அழாத தாயி, கல்ல அடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு, உருண்டு கிடந்த அந்தக் கல்லைக் காலால் தள்ளிப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

அன்று இரவு கணவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் விளக்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டுப் பேச்சே வேறாக இருந்தது. வழக்கமாக, சாப்பிட்டாயா, பாப்பா சாப்பிட்டாளா, அங்கே வெயிலா என்பதோடு முடிந்துவிடும். இப்போது எத்தனை வாட், வெள்ளையா மஞ்சளா, சூடாகுமா என்று பேச்சு நீண்டது. "மழையில வெள்ளை சரியாத் தெரியாதுங்காங்க" என்பேன். "நான் பாத்துச் சொல்லுதேன், இரு" என்பார். வெளிச்சத்தைப் பற்றி எனக்குத் தெரியாத கேள்விகளைக்கூட யோசித்து வைத்துக்கொண்டு கேட்டேன். பேச்சு முடிந்துவிடக் கூடாது என்றுதான்.

வண்ணார்பேட்டைப் பக்கம் கார் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்கு ஞாயிற்றுக்கிழமை போனோம். கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "சார் வரலையா?" என்றார். வீடியோ அழைப்பில் சாரைக் கூப்பிட்டேன். அதன் பிறகு கடைக்காரர் என் கையில் இருந்த கைபேசியோடுதான் பேசினார். நான் ஒரு தூண் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எல்.இ.டி. போட்டுருவோம் சார். ராத்திரி பகலாயிரும்."

"எதுக்கால வாரவங்களுக்குக் கண்ணு கூசாதா அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன்.

"கூசுனாத்தானக்கா ஒதுங்குவான்!"

கைபேசிக்குள் கணவர் சிரித்தார். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். விளக்கின் கூடு பழையது, ஹாலஜனுக்காகச் செய்தது, அதில் இந்தப் பல்ப் பொருந்துமா என்று கேட்க நினைத்திருந்தேன். சிரித்த பிறகு கேட்க முடியவில்லை. கழற்றிய பழைய பல்புகளை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை, பத்தமடை தாண்டியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் தெரிந்தது. தார்ப்பாயின் மடிப்பு தெரிந்தது. கற்கள் ஒவ்வொன்றும் நிழலோடு தெரிந்தன. சாலை ஓரத்தில் படுத்திருந்த நாய், பாலத்துச் சுவரில் யாரோ எழுதிய காதல், சிதறிக் கிடந்த நெல்மணிகூட. கழுத்தை நீட்டாமல், பல்லைக் கடிக்காமல் ஓட்டினேன். இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன்.

எதிரே ஒரு வேன் வந்தது. டிம் செய்தேன். அது டிம் செய்யவில்லை. பிரைட்டை என் முகத்தில் இரண்டு முறை அடித்துவிட்டுப் போனது. அடுத்து வந்த லாரி முழு வெளிச்சத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஹாரனை அழுத்திக்கொண்டே கடந்தது. ஏதோ கோபம் என்று நினைத்தேன். மூன்றாவது வண்டியும் அப்படியே செய்தபோதுதான் புரிந்தது. நான் தாழ்த்தியது அவர்களுக்குத் தாழ்த்தியதாகவே தெரியவில்லை.

"அம்மா, யாருமே கண்ணு சிமிட்ட மாட்டேங்காங்க" என்றாள் மகள்.

"அவங்களுக்குத் தூக்கம் வருது" என்றேன்.

"எல்லாருக்குமா?"

அந்த வாரக் கடைசியில் அது நடந்தது. நெல் பாதிச் சாலையை அடைத்திருந்த ஓர் இடம். எதிரே ஒரு பைக் வந்தது. ஆள் ஓட்ட, பின்னால் ஒரு பெண் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. என் வெளிச்சத்தில் மூவரும் பகலில் நிற்பது போலத் தெரிந்தார்கள். அவள் சேலை முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். தானும் தலையைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஓட்டியவர் ஒரு கையைக் கண்ணுக்கு மேலே வைத்தார். பைக் ஆடியது. காலை ஊன்றி நிறுத்திவிட்டார். கற்களுக்கும் அவர் காலுக்கும் இடையில் அதிக இடைவெளி இல்லை. அதுவும் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை.

நானும் நிறுத்தினேன்.

"யம்மா, டிம் அடிங்கம்மா!" என்று கத்தினார்.

கண்ணாடியை இறக்கினேன். "டிம்முலதாங்க இருக்கு."

"இதுவா டிம்மு?"

அந்தப் பெண் கணவரிடம், "சண்ட போடாதீய. உள்ள புள்ள சத்தம் கேக்குது" என்றாள். பின் சீட்டில் என் மகள் சிணுங்கியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவர் குரல் உடனே மாறிவிட்டது. "ஆஸ்பத்திரிக்கா போறீய? அவசரமா?"

"இல்லைங்க. வீட்டுக்குத்தான்" என்றேன்.

விளக்கை அணைத்தேன். இருட்டு வந்து எல்லோர் மேலும் விழுந்தது. அவர் பைக்கைப் பைய உருட்டிக்கொண்டு என் ஜன்னலைக் கடந்தார். "வாரோம்" என்று அந்தப் பெண் சொன்னாள். சொல்லவேண்டிய தேவை இல்லை, சொன்னாள். அவள் குழந்தை இன்னும் முந்தானைக்குள்தான் இருந்தது.

கணவரிடம் சொன்னேன். காரை வீட்டு மதிலுக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி, வீடியோவில் பார்த்தார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கீழே ஒரு சிறிய சக்கரம் இருக்கும், அதைத் திருப்பு என்றார். இத்தனை நாள் அது என் கண்ணில் படவே இல்லை. திருப்பியதும் மதிலில் வெளிச்சம் ஒரு சாண் இறங்கியது. டிக்கியில் இறக்காமலே கிடந்த அரிசி மூட்டையையும் இறக்கச் சொன்னார். பின்பக்கம் அமுங்கினால் விளக்கு மேலே பார்க்குமாம். இறக்கினேன். இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

மறுநாள் வந்த வண்டிகளில் சில டிம் செய்தன. சில செய்யவில்லை. ஆனால் தூரத்துக் கற்கள் மறுபடி இருட்டுக்குள் போய்விட்டன. சக்கரத்தை ஏற்றினேன். எதிரே வெளிச்சம் தெரிந்ததும் இறக்கினேன். ஒரு கை எப்போதும் அதில்தான் இருந்தது. ஒரு தடவை இறக்க மறந்து ஓர் ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்கினேன்.

"பழைய பல்பையே போட்டுரட்டா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"ரோட்டுல எல்லாரும் இதத்தான் போட்டுருக்கான். நீ மட்டும் சிமினி வெளக்கோட போவியா? பாப்பா முக்கியமா, ஊரான் கண்ணு முக்கியமா?"

அந்தப் பைக்கில் இருந்ததும் பாப்பாதான் என்று பிறகு தோன்றியது.

"சரி, இறக்கி வச்சாச்சுல்ல. போன வைக்கட்டா?" என்றார். விளக்கைப் பற்றிப் பேச இனி ஒன்றும் மீதி இல்லை. மறுநாளிலிருந்து பழையபடி, சாப்பிட்டாயா, பாப்பா சாப்பிட்டாளா, அங்கே வெயிலா.

இப்போது சாலையில் நெல் இல்லை. அடுத்த போகமான கார் நெல்லின் அறுவடைக்கு மறுபடி வரும், கற்களோடு. பழைய பல்புகள் டேஷ்போர்டு அறையில், காகிதத்தில் சுற்றியபடி கிடக்கின்றன. பள்ளத்தில் இறங்கும்போது ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். மகள் இப்போது வண்டிகளுக்குக் காத்திருப்பதில்லை. பத்தமடைக்கு முன்பே தூங்கிவிடுகிறாள்.

நெல் திரும்ப வருவதற்குள் நான் முடிவு செய்ய வேண்டும். பழைய விளக்கையே மாட்டிக்கொண்டு, வயல் வரும் இடங்களில் ஊர்ந்து போவதா? இந்த வெள்ளை விளக்கை வைத்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பதா? இரண்டுக்கும் நடுவே, கல்லும் தெரிந்து எதிரே வருகிறவர் கண்ணும் கூசாத ஒரு விளக்கை யாராவது மாட்டியிருக்கிறீர்களா? பைக்கில் பிள்ளையை மடியில் வைத்து அந்தச் சாலையில் வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த வெளிச்சம் வரை உங்களால் தாங்க முடிகிறது என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.