மகள் வாயில் ஊற்றவிருந்த அயோடின்

அணு உலை வெடித்துவிட்டது, உடனே அயோடின் குடியுங்கள் என்று ஒரு காலையில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. எட்டு வயது மகளை இழுத்துக்கொண்டு பாகூர் மருந்துக்கடைக்கு ஓடினேன். அங்கே அடிதடி. ஒருவர் ஹெல்மெட்டால் இன்னொருவர் மண்டையை உடைத்தார். நானும் சும்மா இல்லை. ஒரு பெண்ணின் முடியைப் பிடித்துத் தள்ளி, அவள் கையிலிருந்த அயோடின் பாட்டிலைப் பிடுங்கினேன்.

மகள் வாயைத் திறக்க மறுத்தாள். தாடையை அழுத்தித் திறந்தேன். என் நகம் பட்டு அவள் உதடு கிழிந்தது. அதற்குள் கடைக்கார பாய் கவுண்டரைத் தாண்டி வந்து என் கையில் ஓங்கி அடித்தார். பாட்டில் விழுந்து உடைந்தது.

"இன்னாம்மா பண்ற? இது புண்ணுக்குப் போடறது. குடிச்சா தொண்டை வெந்துடும். கதிர்வீச்சுக்குக் குடுக்கறது வேற மாத்திர. அதையும் கவர்மெண்டு சொன்னாதான் போடணும். வூட்டுக்குப் போய் கதவு, ஜன்னல சாத்திக்கினு நியூஸ் பாரு."

செய்தியே பொய் என்று மதியம் அரசு அறிவித்தது.

இப்போதெல்லாம் அரசு அறிவிப்பைப் பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை. காய்ச்சல் மருந்து கொடுத்தாலும் மகள் வாயைப் பொத்திக்கொள்கிறாள். பாட்டிலில் எழுதியிருப்பதை அவளே படித்து முடிக்கும்வரை ஸ்பூனோடு காத்திருக்கிறேன்.